சியாவ் அக்கா வைத்த பொறி

அன்னாசிப்பழ கேக் பெட்டியோடு யார் வாசலில் வந்து நின்றாலும் சியாவ் சூயுன்னுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இவனுக்கு என்ன வேண்டும்? பெட்டி சின்னதென்றால் காரியம் சின்னது, பெரிதென்றால் பெரிது. யென் போயூ கொண்டுவந்த பெட்டி பெரியது. போதாக்குறைக்கு ஒரு மைக்கையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

ஷெதோ ஊரில் பாதிப் பேர் சாக்ஸ் பின்னுகிறவர்கள். மீதிப் பேர் அவர்களுக்கு நூல் கொடுக்கிறவர்கள். அதற்கும் மிஞ்சியவர்கள் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஒருவன் புது மெஷின் வாங்கினால் அது லாரியிலிருந்து இறங்குவதற்குள் பக்கத்துத் தெருக்காரன் அதன் விலையைச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட ஊரில் புருஷன் இறந்த பிறகு தனியாகத் தொழிற்சாலை நடத்துகிற பெண் யாரையும் சட்டென்று நம்பிவிட முடியாது என்பது சூயுன்னின் கட்சி. போன வருஷம் ஆராய்ச்சி மாணவர்கள் என்று இரண்டு பேர் வந்து, பல்லை இளித்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றே மாதத்தில் சாக்ஸின் விரல் நுனியில் அவள் போடுகிற தனித் தையல் அப்படியே, அவளுக்குப் போட்டியாக சாக்ஸ் பின்னுகிற வெய் முதலாளியின் கடையில் தொங்கியது. அன்றிலிருந்து அவளுக்கு யாரைப் பார்த்தாலும் வெய்யின் ஆளாகத்தான் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

போயூ தாய்ச்சுங் நகரத்துக்காரன். அப்பாவோடு சேர்ந்து அட்டைப்பெட்டி செய்கிறான். அது போக ‘ஒரு கோப்பை தேநீர்’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறான். சின்னச் சின்ன முதலாளிகளைத் தேடிப் போய், அவர்கள் வீட்டுத் தேநீரையே குடித்து, அவர்களையே பேசவைத்து, அதை வெளியிடுவான். பெட்டி வேண்டுமா என்று மட்டும் கேட்கமாட்டான். அதுதான் சூயுன்னை உறுத்தியது.

"பெட்டி விக்கிறவன் பெட்டி வேணுமான்னு கேக்கணுமா இல்லையா? இவன் போன் பண்ணி என் கல்யாணக் கதையைக் கேக்குறான்" என்று அவன் வருவதற்கு முந்தின நாள் கணக்குப் பார்க்கிற பெய்ச்சின்னிடம் சொன்னாள்.

"பழகி வச்சா வியாபாரம் பின்னால தானா வரும்னு அவனே சொல்றான்க்கா. போன வாரம் குழாய் செய்யிற முதலாளி ஒருத்தர் பேசினாரு, கேட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதா, கூட சேந்து அழுறதுக்கு நீ ஒருத்தி."

"அப்ப வேணாம்னு சொல்லிடுங்க."

"வேணாம்னா எதையோ ஒளிக்கிறேன்னு ஆயிடும். வரட்டும். யார் அனுப்பின ஆளுன்னு நானும் பாக்குறேன்."

அவன் அந்தப் பெரிய கேக் பெட்டியோடு வந்தான். சூயுன் தேநீர் மேசையில் உட்கார்ந்து, தன் கையாலேயே தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினாள். மைக்கைக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தான். "வெளியிடறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்புவேன்க்கா. வேணாம்னு நீங்க சொல்றதை வெட்டிடுவேன்" என்றான். நல்ல பையன் மாதிரிதான் பேசினான். கெட்டவன் யார்தான் கெட்டவன் மாதிரி பேசுகிறான்?

கேள்விகள் அவள் நினைத்த மாதிரி இல்லை. மெஷின் எத்தனை, விலை என்ன என்று ஒன்றுமே கேட்கவில்லை. கால் வீங்கின நோயாளிகளுக்கு இறுக்காத சாக்ஸ் செய்யலாம் என்று யோசனை எப்படி வந்தது என்று கேட்டான். அவளுடைய மாமியாரின் காலில் ரப்பர் பதிந்த தடத்தைப் பற்றிச் சொன்னாள். புருஷன் இறந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தனக்கு இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவன் கேட்டான்:

"இந்தத் தொழில்ல நீங்க கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஆள் யாருக்கா?"

லியூ அண்ணன் என்று தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்து ஊரான தியென்சோங்கில் எலாஸ்டிக் நூல் சுற்றுகிற லியூ. இறுக்காமலும் நழுவாமலும் நிற்கிற அந்த நூலை அவளுக்கென்றே தனி அளவில் சுற்றிக் கொடுப்பவர். அது இல்லாவிட்டால் அவள் சாக்ஸ் வெறும் சாக்ஸ். புருஷன் போனபோது ஒரு மாதம் தினமும் வந்து மெஷின் பக்கத்தில் நின்று, "உன் மூளையை எங்கடி அடகு வச்சே?" என்று திட்டித் திட்டியே தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். சொந்த அண்ணன் செய்யமாட்டான் அதை.

தொண்டை வரை வந்த பேரை அவள் விழுங்கினாள். அடடா, இதுதானா விஷயம்? நூல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் வெய்க்கு. அதற்காகத்தானே இவ்வளவு பெரிய கேக் பெட்டி! சரி, வலை விரிக்க உனக்கு மட்டும்தான் தெரியுமா?

"லியூன்னு ஒருத்தர் இருந்தாரு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்ப அவரோட நூல் முன்ன மாதிரி இல்ல. வயசாயிடுச்சு பாவம். புத்தாண்டு முடிஞ்சதும் வியட்நாம்லேருந்து வாங்கப் போறேன். அவருக்கே இன்னும் தெரியாது."

அத்தனையும் பொய். கணக்கு இதுதான்: இவன் வெய்யின் ஆளென்றால் சாயங்காலத்துக்குள் வெய், அந்த நூலை இனி எனக்குக் கொடுங்கள் என்று லியூவின் வாசலில் போய் நிற்பான். லியூ அண்ணன் போனைப் போட்டு ஊரே கேட்கக் கத்துவார். திருடன் கையும் களவுமாக மாட்டுவான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம். லியூவிடம் முன்கூட்டியே சொல்லலாம்தான். ஆனால் அவர் வாயில் ரகசியம் நிற்காது. அப்புறம் அந்தப் பகுதியை வெட்டிவிடு என்று பையனிடம் சொன்னால் போயிற்று.

சாயங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதற்கு அடுத்த நாள் போனில் போயூவின் செய்தி வந்தது. "அக்கா, கேட்டுப் பாருங்க. நடுவுல ஒரு இடம் எனக்கு உறுத்தலா இருக்கு. வெட்டணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." அதற்குக் கீழே நீல நிறத்தில் ஒரு இணைப்பு.

சூயுன் போனைக் கீழே வைத்துவிட்டாள். இணைப்பைத் தொட்டதால் சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். போலீஸ்காரர்கள் சந்தையில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவதே அதைத்தான். ஓகோ, கடைசியில் இதற்குத்தானா? தொடமாட்டேன். வெட்டச் சொல்லியும் எழுதமாட்டேன். எழுதினால் அது பொய் என்று அவனுக்குத் தெரிந்துபோகும், வைத்த பொறி வீணாகும். நான் சரி என்று சொல்லாமல் அவன் எப்படி வெளியிடுவான்?

ஆனால் வந்த செய்திக்கு ஒன்றுமே அனுப்பாமல் இருப்பது மரியாதை இல்லை. காலையில் பூப்படம், பகலில் கும்பிடுகிற பூனை, ராத்திரியில் நிலா என்று யாருக்கும் எதற்கும் ஒரு படம் அனுப்பியே பழகிய கை அது. இந்த முறை தலை குனிந்து வணங்குகிற ஒரு முயல் படம், மேலே ‘ரொம்ப நன்றி, சிரமப்பட்டீங்க’ என்ற எழுத்து. தட்டிவிட்டு நூல் கண்டு எண்ணப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு செருமல் மாதிரி, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை சாக்ஸை ஜோடி சேர்க்கிற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்தினார்கள். பெய்ச்சின் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, லியூ மாமாவைப் பத்தி அப்படியா சொன்னீங்க? ஊர் பூரா கேட்டுட்டு இருக்கு."

பெய்ச்சின் நீட்டிய போனில் ஒலித்தது அவளுடைய சொந்தக் குரல்தான். ‘வயசாயிடுச்சு பாவம்’ என்று அது சொன்னபோது சூயுன் போனைப் பறித்து நிறுத்தினாள். எவ்வளவு உண்மைபோல் சொல்லியிருக்கிறாள்! உடனே லியூவுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. வழக்கமாக நூல் வண்டி வருகிற நாளில் வண்டி வரவில்லை. கத்தவில்லை, திட்டவில்லை, ஒரு வார்த்தை இல்லை. அவர் திட்டாதது அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

போயூவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் உட்காருவதற்குள் ஆரம்பித்தாள்.

"வெய் எவ்வளவு கொடுத்தான்டா உனக்கு?"

"வெய்யா? எந்த வெய்?"

"நடிக்காத. என்னைக் கேக்காம யார் வெளியிடச் சொன்னது?"

அவன் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அவனுடைய செய்தி, அதன் கீழே அவளுடைய முயல். குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"நன்றின்னு அனுப்பியிருக்கீங்க. கேட்டுட்டுத்தான் அனுப்புறீங்கன்னு நினைச்சேன். எந்த இடம்னு வெளிப்படையா எழுதியிருக்கணும் நான். பெரியவங்ககிட்ட எப்படி எழுதுறதுன்னு கூச்சப்பட்டேன், அது என் தப்புதான்." அவன் குரலிலும் கோபம் இருந்தது. "ஊர் பேசுறதைக் கேட்டதுமே லியூ மாமாகிட்ட போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன். நீ என்ன பண்ணுவ, கொடுத்ததைப் போட்ட, டீ குடின்னாரு."

"சத்தியமா சொல்லு. என்கிட்ட உனக்கு என்னதான் வேணும்?"

"என்னிக்காவது நீங்க பெட்டி மாத்துறப்ப என் ஞாபகம் வரணும். அவ்வளவுதான்க்கா. முதல் போன்லயே சொன்னேனே."

சொல்லியிருந்தான். அவள்தான் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தாள். பின்னால் ஒன்றுமே இல்லை. சூயுன்னுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நிகழ்ச்சியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். இப்போது எடுத்தால் அத்தனையும் உண்மை என்று ஊர் முடிவு கட்டிவிடும். தவளை தன் வாயால் கெட்ட பிறகு குளத்தைத் தூர்த்து என்ன பயன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

தியென்சோங்கில் லியூவின் கொட்டகைக்குள் சுற்றும் மெஷின்கள் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தன. அவர் தேநீர் மேசையில் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் அவளுக்காக எழுந்து நின்றதே இல்லை.

"வாங்க, சியாவ் முதலாளியம்மா. உக்காருங்க."

"அண்ணே, அப்படிக் கூப்பிடாதீங்க. அது பொய்ண்ணே. அந்தப் பையன் வெய்யோட ஆளோன்னு சோதிக்கத்தான் அப்படிச் சொன்னேன். உங்க நூல் மாதிரி எங்கயும் இல்ல, எனக்குத் தெரியாதா?"

"அப்படியா" என்றார். கோப்பையைச் சூடான தண்ணீரில் கழுவி, தேநீரை அளவாக, வெளியாளுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "சோதிக்கிறதுக்கு வேற பேர் கிடைக்கலியா?"

பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தது அவளுக்கு. "உங்க பேரைச் சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். மத்தவங்கன்னா போயிடுவாங்க. நீங்க எங்கயும் போக மாட்டீங்கன்னு."

லியூ தன் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டார். "வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன். மகன்தான் அதைப் போட்டான், உங்க குரல் கேட்டுச்சு. சத்தமா வைடா, நம்ம வீட்டுப் பொண்ணு பேசுதுன்னு சொன்னேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் திரும்ப அந்த மைக்லயே போய்ச் சொல்றேண்ணே. சொன்னது பொய், நான்தான் பொய் சொன்னேன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்றேன்."

"வேண்டாம். ஊர் சிரிக்கும். உங்க வேலைக்காரங்க முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நின்னா எனக்கென்ன சந்தோஷம்?" குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. "நூல் நாளைக்கு வந்துடும். அதே அளவு, அதே சுத்து. உங்க சாக்ஸை நம்பி நோயாளிங்க இருக்காங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து, அவள் படிக்க வசதியாகத் திருப்பி வைத்தார்.

"ஒப்பந்தம். மகன் அடிச்சுக் கொடுத்தான். மாசம் எவ்வளவு நூல், என்ன விலை, நிறுத்தணும்னா எவ்வளவு முன்னாடி சொல்லணும், எல்லாம் இருக்கு. நிதானமாப் படிங்க. உங்களுக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு."

இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் தாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. புருஷன் காலத்தில் வாசலில் நின்று கத்தினால் அதுதான் ஆர்டர். அவர் போன பிறகு அதுவும் இல்லை. எவ்வளவு வேண்டும் என்று லியூவுக்கே தெரியும், அதற்கு ஒரு கண்டு குறையாமல் வந்து இறங்கும்.

"நமக்குள்ள எதுக்குண்ணே இதெல்லாம்?"

"இருக்கட்டும்" என்றார். "முத்திரை கொண்டு வந்திருக்கீங்களா?"

கையெழுத்துக்குப் பதில் குத்துகிற பெயர் முத்திரை அது. அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பரவாயில்ல. போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

தொழிற்சாலைக்குத் திரும்பி, இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டுப் பையிலிருந்து, பேங்குக்குப் போகும்போது மட்டும் வெளியே வருகிற முத்திரையை எடுத்தாள். பெய்ச்சின் கணக்கிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"முத்திரையோட கிளம்பிட்டீங்க? பேங்குக்கா, அக்கா?"

"இல்லடி" என்றாள் சூயுன். "லியூ அண்ணன் வீட்டுக்கு."