ஆர்லி கூம்ஸ் விற்ற பாட்டு

வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் கோழிகளெல்லாம் மலடாகட்டும்: கென்டக்கி மலையில் ஆர்லி கூம்ஸ் தன் பாட்டை விற்ற அன்று, அவன் வீட்டு அடுப்பு சுடுவதை நிறுத்திக்கொண்டது. கரி எரிந்தது, புகைந்தது, சாம்பலானது. சூடு மட்டும் வரவில்லை.

ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய வருடம் அது. பணத்தைவிடப் பாசமே பெரிது என்று ஆர்லி கட்டிய பாட்டில் மூன்று சரணங்கள். முதலாவதில் வீட்டு அடுப்பின் கதகதப்பு, இரண்டாவதில் மனைவி ஓமாவின் சிரிப்பு, மூன்றாவதில் கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவரும் மகள் டெல்சி. அந்த மலையில் யாரும் பாட்டை விற்றதில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார்கள். கொடுத்தவனிடமும் பாட்டு அப்படியே இருக்கும். விற்றாலும் அப்படித்தான் என்று ஆர்லி நினைத்துவிட்டான். இசைத்தட்டுப் போடும் நாஷ்வில் நகரத்திலிருந்து வந்த கோட்டுக்காரன் ஒப்பந்தத் தாளை நீட்டியபோது ஓமா குறுக்கே வந்தாள்.

“அதுல எம்பேரு இருக்கு, புள்ள பேரு இருக்கு. எங்களையும் சேத்து விக்கிறியா?”

“அடி கிறுக்கி, வெறுங்காத்தைத்தானே விக்கிறேன். குளிருக்குப் புள்ளைக்கு பூட்ஸ் வேணாமா?”

பூட்ஸ் வாங்கினான். நீலக் கார் ஒன்றும் வாங்கினான். “பணம் பெருசில்லன்னு பாடியே காரு வாங்கிட்டான்டா!” என்று தபாலாபீஸ் வாசலில் சிரித்தார்கள். அதற்குள் ஓமாவின் சிரிப்பு போயிருந்தது; வாய் விரியும், சத்தம் வராது. அடுத்த வாரம் புது பூட்ஸ் கதவோரம் இருக்க, டெல்சியைக் காணவில்லை. ஓடையில் தேடினார்கள், சுரங்க வாயில் தேடினார்கள். பனியில் ஒரு கால்தடமும் இல்லை.

பாட்டைத் திரும்ப வாங்க, மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஆர்லி நாஷ்வில்லுக்குக் காரை விரட்டினான். வழிநெடுக, முன்பின் தெரியாதவர்களின் வீடுகள் கதகதவென்றிருந்தன. ஒரு சாப்பாட்டுக் கடையின் பாட்டுப்பெட்டிக்குள் ஓமா சிரித்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்காரன் பணத்தைத் தொடவேயில்லை.

“தம்பி, நாடே இதைக் கேட்டு அழுவுது. மூணாவது சரணம் வந்தா பெத்தவங்க எழுந்துபோய்க் கதவைத் தொறந்து பாக்கறாங்க. இதைப் போய் யாராவது திருப்பித் தருவாங்களா?”

“அது எம்பொண்ணுய்யா.”

“பாட்டுன்னுதானே கையெழுத்துப் போட்டே?”

காரை விற்று வானொலிப் பெட்டி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். அதன்பின் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது மட்டும் அடுப்பு சுட்டது, ஓமாவின் சிரிப்பு கேட்டது, மூன்றாவது சரணத்தில் டெல்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பூட்ஸ் மாட்டிப் பார்த்தார்கள், பாட்டுக்குள் அவள் வெறுங்கால் என்பதால் காலில் ஏறவில்லை. ஓமா சீப்போடு காத்திருந்து தலை வாருவாள். ஒரு பக்கம் பின்னுவதற்குள் பாட்டு முடிந்து மாவு விளம்பரம் வந்துவிடும்.

“அம்மா, அந்தப் பக்கம்?”

“நாளைக்குடி, கண்ணு.”

புதுப் பாட்டுகள் வந்தன. தினமும் ஒலித்தது வாரம் ஒருமுறையானது, பிறகு கல்லறைகளுக்குப் பூ வைக்கும் மே மாத ஞாயிறு மட்டும் என்றானது. ஓமாவுக்குத் தலை நரைத்தது. டெல்சி அதே உயரம். இதையெல்லாம் ஊரில் யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. அந்த ஞாயிறன்று கூம்ஸ் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகமாட்டார்கள், அவ்வளவுதான். போன வருடம் பாட்டு வரவேயில்லை. ஓமா இருட்டும்வரை சீப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆர்லி எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தான்.

நாலு பக்கமும் மலை என்பதால், அந்தப் பள்ளத்தாக்கில் இன்றுவரை எந்த வானொலியிலும், கூம்ஸ் வீட்டுப் பெட்டியிலும்கூட, ஒரு நிலையமும் எடுத்ததில்லை.