முதல் லாட்

புக்கிட் பெருந்துங்கில் நான் வேலை பார்க்கும் கடையில் பிறந்தநாள் சாமான்கள் விற்கிறோம். மெழுகுவர்த்திப் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்குத் துப்பாக்கித் தோட்டாவின் நினைவு வந்துவிடும். கூட வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கும்.

கோலா சிலாங்கூர் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் மைதானம் இருந்தது. ஒரு பக்கம் தகரக் கூரை, ஐம்பது மீட்டர் தள்ளி செம்மண் மேடு. அங்கே சின்ன ரகத் தோட்டாதான் சுடுவோம். அதன் அடிப்பகுதியில் மெல்லிய விளிம்பு இருக்கும். துப்பாக்கியின் ஊசி நடுவில் குத்தாது, விளிம்பில்தான் குத்தும். தலையில் மெழுகு தடவியிருக்கும். கையில் எடுத்தால் விரலெல்லாம் வழுவழுக்கும்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது. அடி வாங்கியும் திறக்கவில்லை. அம்மா கிளப்பின் சமையலறையில் வேலை செய்ததால் நானும் கூடப் போய்ப் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கிளப்பின் பயிற்சியாளர் ரவீந்திரன் சார் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு ஒரு மணி நேரமா அசையவே இல்ல, கல்லு மாதிரி உக்காந்திருக்கு" என்றார்.

"கல்லுக்காவது சாயங்காலம் நெழல் நீளும் சார். இதுக்கு அதுவும் இல்ல" என்றார் ஹாஜா அண்ணன். கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து குறிபார்த்துச் சுட்ட தாள்களை அளந்து கொடுப்பார்.

அப்படித்தான் பதினெட்டு வயதில், அனுமதி அட்டையெல்லாம் வாங்கி, நான் தோட்டா சோதிப்பவள் ஆனேன்.

ஒரே நிறுவனம், ஒரே நிறப் பெட்டி. ஆனால் ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் அந்தத் தொகுதிக்கு ஓர் எண் போடுவார்கள். அதைத்தான் லாட் என்போம். ஒரு லாட் ஒரு துப்பாக்கியில் அழகாகப் போகும், பக்கத்துத் துப்பாக்கியில் தாறுமாறாகப் போகும். "கல்யாணப் பொருத்தம் மாதிரிதான். ஆனா ஜாதகம் கெடையாது, சுட்டுத்தான் பாக்கணும்" என்பார் ஹாஜா அண்ணன். மேசையில் மணல் பைகளை வைத்து, துப்பாக்கியை அவற்றின் மேல் கிடத்தி, ஒரே புள்ளியைப் பார்த்துப் பத்துத் தோட்டா சுட வேண்டும். பத்துத் துளைகளில் ஒன்றுக்கொன்று அதிகம் தள்ளியிருக்கும் இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். ஒரு தோட்டா வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் போனால் துளைகள் மேலும் கீழுமாக நீளும். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே ஓட்டையாகிவிடும்.

போட்டியில் சுடுகிறவர்களுக்கு நடுவில் பட்டுப் பத்துப் புள்ளி விழவேண்டும் என்ற ஆசை இருக்கும். சோதிப்பவளுக்கு எந்த ஆசையும் இருக்கக் கூடாது. துளை எங்கே விழுந்தாலும் சரி என்று இருக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது.

கிளப்பில் நான் பேசிய ஒரே ஆள் திலகா. அவள்தான் எங்களுக்காகப் போட்டியில் சுடுகிறவள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனாலும் அக்கா என்று கூப்பிடவிடமாட்டாள். கோலா சிலாங்கூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "என்னடி ஊமை, இன்னைக்கு எத்தன வார்த்த பேசுன?" என்பாள். நான் விரலைக் காட்டுவேன். மூன்று, நான்கு. "ஐயோ, தொண்ட கட்டிக்கப் போவுது லா, தண்ணி குடி."

அந்த வருடம் மாநிலக் குழுவுக்கான தேர்வு நவம்பரில். முந்தின வருடம் இரண்டு புள்ளியில் விட்டிருந்தாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவளுக்கு அதுதான் கடைசி. தேர்வானால் கோலாலம்பூரில் பயிற்சி விடுதி, அங்கேயே வேலை.

இறக்குமதி செய்கிறவர் மூன்று லாட்டுகளிலிருந்தும் லாட்டுக்கு ஒரு பெட்டியாக, ஐம்பது ஐம்பது தோட்டா, மாதிரிக்கு அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை மதியத்துக்குள் எந்த லாட் வேண்டும் என்று சொல்ல வேண்டும். நாம் எடுக்காதது வேறு கிளப்புக்குப் போய்விடும். அதே தோட்டா மறுபடி கிடைக்காது. ஞாயிறு காலை சோதனை என்று முடிவானது.

அதற்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூஜை.

தோட்டத்தில் லோரிகளுக்குச் சந்தனம் வைத்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிளப்பிலும் பூஜை உண்டு. ரவீந்திரன் சார் இரும்பு அலமாரியைத் திறந்து துப்பாக்கிகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, என்னிடம் எண்ணெய்த் துணியைக் கொடுத்தார். "வெளிய மட்டும் தொடச்சாப் போதும். பேரலுக்குள்ள கை வெக்காதே" என்று சொல்லிவிட்டு, அதே அறையின் கோடியில் மாவிலை கட்ட ஏணியில் ஏறினார்.

திலகாவின் துப்பாக்கி கடைசியாக வந்தது. வெளியே துடைத்தேன், பளபளத்தது. பேரல் என்கிற குழலுக்குள் எட்டிப் பார்த்தேன், கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. சாமிக்கு முன்னால் வைக்கும் பொருளை உள்ளே அழுக்கோடு வைப்பதா? வீட்டில் அம்மா குத்துவிளக்கின் அடித்தண்டைக்கூடக் கழற்றித் தேய்ப்பாள். சார் வேண்டாம் என்றது கம்பி உரசிக் கீறல் விழும் என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் மெதுவாகச் செய்வேன், கீறாது. தேர்வு வருகிறதே, அவளுக்கு நல்லது நடக்கட்டுமே. நீளக் கம்பியில் பிரஷ்ஷை மாட்டி, கறை நீக்கும் எண்ணெய் தோய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். பிறகு சந்தனம், குங்குமம். சார் ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்து, "அழகா வெச்சிருக்கே" என்றார்.

ஞாயிறு காலை காற்றே இல்லை. பனையோலை அசையவில்லை. சோதனைக்கு அப்படித்தான் வேண்டும். நான் மேசையில் உட்கார்ந்தேன், பக்கத்தில் திலகா, தொலைநோக்கியில் சார். முதல் லாட்டில் வழக்கம்போல் ஐந்தைச் சும்மா சுட்டுவிட்டுப் பத்து சுட்டேன்.

ஹாஜா அண்ணன் தாளை அளந்தார். "இருபத்தேழு."

"எவ்ளோ?" என்றாள் திலகா.

"இருபத்தேழு. கோழி கெளறுன மாதிரி இருக்கு."

இன்னொரு பத்து. இருபத்திரண்டு. சார் உதட்டைப் பிதுக்கினார். "போதும். மிச்சம் இருவத்தஞ்ச எடுத்து வையுங்க, மத்தியானம் புதுசா கத்துக்கறவங்க சுடட்டும். அடுத்த லாட்."

இரண்டாம் லாட் முதலில் பத்தொன்பது, பிறகு பதினெட்டு, பதினேழு, பதினேழு. மூன்றாம் லாட் எல்லாமே இருபதைச் சுற்றி. இரண்டாம் லாட்தான் என்று சார் சொன்னார். பதினேழு மோசமில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி நல்ல தோட்டா கிடைத்தால் பதினான்குக்கும் இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது சார் திலகாவிடம், "செலக்‌ஷனுக்கு முன்னாடி பயத்துல பேரலைக் கிளீன் பண்ணித் தொலைக்காதே. போன வருஷம் கிள்ளான் பையன் ஒருத்தன் அப்படித்தான் கெடுத்துக்கிட்டான்" என்றார்.

"ஏன் சார், சுத்தமா இருந்தா நல்லதுதானே?"

"சுடச்சுடத் தோட்டா மெழுகு உள்ள படியும். அந்தப் படிவுலதான் அடுத்த தோட்டா ஒழுங்காப் போவும். தொடச்சிட்டா இருவது முப்பது ரவுண்டு வரைக்கும் செதறும். அப்புறம்தான் நெலைக்கு வரும்."

என் கையில் சோறு அப்படியே நின்றது. இருபத்தேழு. இருபத்திரண்டு. பத்தொன்பது. பதினெட்டு. பதினேழு. இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் லாட்டுக்கு நான் வெறுங்குழலைக் கொடுத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை. பள்ளியில் போலவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது மட்டுமே காரணம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. இரண்டாம் லாட்டே இருக்கட்டும், அவள் மறுபடியும் இரண்டு புள்ளியில் விடட்டும், ஞாயிறுதோறும் மோட்டார்சைக்கிளில் வந்து எத்தனை வார்த்தை பேசினாய் என்று கேட்கட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் என்னுடையதுதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்குப் புதிதாகக் கற்கும் ஐந்து பேர் வந்தார்கள். எல்லாரும் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. முதலில் காளியண்ணன் படுத்தார், வயிறு ஒத்துழைக்கவில்லை.

"அண்ணே, நீங்க படுத்தாலும் நின்னாலும் ஒரே ஒசரம்தான்" என்றார் ஹாஜா அண்ணன்.

"வாய மூடு. குறி கலையுது."

காளியண்ணன் கிளப்பின் பழைய துப்பாக்கியால் முதல் லாட்டின் ஐந்தையும் சுட்டார். ஐந்தும் மண்மேட்டில் புழுதி கிளப்பின. தாளில் ஒரு துளை இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், திலகாவும் சிரித்தாள். அவளுடைய தேர்வுதான் அந்தப் புழுதியில் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது ஆள் தோட்டாவை எடுக்கப் பெட்டிக்குள் கைவிட்டார். இன்னும் இருபது இருந்தது, அதுவும் போனால் அந்த லாட்டை மறுபடி சோதிக்க வழியில்லை.

மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆபத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும், கூட்டுகிறவர்கூட, ஸ்டாப் என்று கத்தலாம். கத்தினால் எல்லாரும் நிறுத்தியே ஆக வேண்டும்.

"ஸ்டாப்!"

தகரக் கூரையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது. துப்பாக்கிகள் கீழே இறங்கின. சார் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு வேகமாக வந்தார்.

"யாரு கத்துனது?"

"நித்தியா சார்" என்றார் ஹாஜா அண்ணன்.

"எந்த நித்தியா?"

"நம்ம நித்தியாதான் சார். எனக்கே நம்ப முடியல."

சார் என்னைப் பார்த்தார். "என்ன ஆபத்து? சொல்லு."

நான் பெட்டியைக் காட்டினேன். பிறகு திலகாவின் துப்பாக்கியை. "பேரல நான்தான் தேச்சேன் சார். பூஜை அன்னிக்கு."

"உள்ளயா?"

"ம்."

"பிரஷ் போட்டா?"

"ம். துணி வெள்ளையா வர்ற வரைக்கும்."

ஹாஜா அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "குத்துவெளக்குன்னு நெனச்சுட்டா சார்."

சார் சிரிக்கவில்லை. திலகா எழுந்து வந்தாள். "காலைலயே தெரியுமாடி ஒனக்கு?"

"சாப்பிடறப்பதான் தெரிஞ்சுது."

"அது ரெண்டு மணி நேரம் ஆச்சே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நான் சுட்ட அஞ்சு?" என்றார் காளியண்ணன், இன்னும் படுத்தபடியே.

"அது மண்ணுக்குப் போச்சு லா அண்ணே. எழுந்திரிங்க" என்றார் ஹாஜா அண்ணன்.

இருபது தோட்டாவில் இரண்டு முறை பத்து சுடலாம். நான் மேசையை நோக்கி நடந்தேன். சார் கையை நீட்டி மறித்தார். "நீ வேணாம். இப்ப ஒனக்கு இது நல்லா வரணும்னு இருக்கு. திலகாவுக்கும் அப்படித்தான். ஹாஜா, நீ ஒக்காரு."

"நானா? எனக்கு ஒரு டீ குடிச்சாப் போதும் சார்."

"அதனாலதான் சொல்றேன்."

ஹாஜா அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழல் காலையிலிருந்து நூறுக்கு மேல் சுட்டு நிலைக்கு வந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சுட, நானும் திலகாவும் சேர்ந்து நின்றோம், ஒருவரையொருவர் பார்க்காமல். பத்து முடிந்து இன்னொரு பத்து. சாரே போய்த் தாள்களைக் கொண்டுவந்து அளந்தார். இரண்டு தரம் அளந்தார்.

"பதினாலு" என்றார். அடுத்த தாள். "பதிமூணு."

யாரும் கை தட்டவில்லை. திலகா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கிழிந்த ஒற்றை ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துப் பனை தெரிந்தது. சார் லாட் எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம், "ரெண்டு மாசம் துப்பாக்கியத் தொடாதே. அப்புறம் வந்து வேலையப் பாரு" என்றார்.

அதன்பின் இரண்டு ஞாயிறு திலகா என்னோடு பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "என்னடி" என்றாள். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது.

நவம்பரில் அந்த முதல் லாட்டோடு தேர்வுக்குப் போனாள். போன வருடம் விட்ட இரண்டு புள்ளியையும் எடுத்து, மேலே ஒன்றும் எடுத்துவிட்டாள்.

வாசலில் காத்திருந்த என்னிடம் வந்ததும், "பசிக்குது" என்றாள். கோலா சிலாங்கூர் திரும்பி, ஹாஜா அண்ணன் கடையில் நூடுல்ஸை வறுத்த மீ கோரெங் இரண்டு வாங்கி ஒரே தட்டில் கொட்டிச் சாப்பிட்டோம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், விடுதி, ஜெர்சி, புதுத் துப்பாக்கி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது மாதிரி ஒரு மதியம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

ஜனவரியில் அவளைக் கோலாலம்பூர் பேருந்தில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. பேருந்து ஆற்றுப் பாலத்தின் பக்கம் திரும்பும்வரை நின்றேன். போகாதே என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அவளை அனுப்பத்தானே அந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். அடுத்த பேருந்து வரும்போது இடத்தை விட்டு நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.