கதவான டிவி

அரிசோனாவில், வெர்னும் அவன் மனைவி மார்லீனும் வீடாக்கிக் குடியிருக்கும் வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த பழைய குண்டு டிவியை மார்லீன் கழற்றி இறக்கினாள். காலியான பொந்தின் வாயில் புதிய தட்டை டிவியைக் மேல்விளிம்பில் கீல் வைத்துக் கதவுபோல் மாட்டினாள். தூக்கினால் உள்ளே போர்வைகளை அடுக்கலாம்.

"நாளைக்கு மலைப்பாதையில குலுங்கும்போது திறந்து என் மண்டையில விழுந்தா?" என்றான் வெர்ன்.

"மண்டைக்கு ஒண்ணும் ஆகாது, டிவிதான் உடையும். வண்டிய எடு, இப்பவே பாத்துடலாம்."

கீழ்விளிம்பில் இரண்டு கொண்டிகளைப் பூட்டினாள். அவை திரையைப் பொந்தின் மூலைகளிலிருந்த ரப்பர் துண்டுகளோடு இறுக்கின; ஆட இடமே இல்லை.

கரடுமுரடான மண்சாலையில் காப்பிக் கோப்பை உருண்டது, அலமாரி திறந்து டப்பாக்கள் கொட்டின. வெர்னின் தலைக்கு மேலே சத்தமே இல்லை.

வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் திரும்பியதும் அவன் பக்கத்து வண்டியைத் தட்டினான். "டேய் டெல்பர்ட், வெளிய வாடா! என் பொண்டாட்டி பண்ணியிருக்கறத வந்து பாரு!"