நீர்த்தொட்டிக் குன்று

காளை டிவிஷனின் போர் வரலாற்றை எழுதித் தரும் வேலை கைக்கு வந்தபோது, ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று பேராசிரியை நினைத்தாள். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த மாதிரி எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆற்றங்கரைச் சண்டை, பனிக்காலப் பின்வாங்கல், துறைமுகத்தை மீட்டது என்று ஆறு அத்தியாயங்கள் மளமளவென்று முடிந்தன. ஏழாவதில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது.

ஏழாவது அத்தியாயம் நீர்த்தொட்டிக் குன்றைப் பற்றியது. ஒரு சிறு நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டி அதன் உச்சியில் இருந்தது. டிவிஷனின் இரண்டாவது பட்டாலியன் வடக்குச் சரிவில் ஏறியது, நான்காவது தெற்குச் சரிவில். மாலைக்குள் குன்று கைக்கு வந்தது. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. முதலில் உச்சியைத் தொட்டது யார் என்பதில்தான் எல்லாத் தகராறும்.

அன்று இரண்டாவது பட்டாலியனை நடத்தியவர்தான் இப்போது வரலாற்றுக் குழுவின் தலைவர். எல்லோருக்கும் அவர் கர்னல். நான்காவதை நடத்தியவர் மேஜர். அவரும் குழுவில் இருந்தார். பழைய தலைமையகத்தின் மாடியறையில் வியாழக்கிழமைதோறும் கூடுவார்கள். அந்த அறையில் ஒரு ஜன்னல் மூடாது, இன்னொன்று திறக்காது. நடுவில் கிடந்த நீள மேஜையின் இரு முனைகளில் கர்னலும் மேஜரும் உட்கார்ந்துகொள்வார்கள்.

"‘ஏறக்குறைய ஒரே நேரத்தில்’னு எழுதியிருக்கீங்களே, என்னம்மா இது?" என்றார் கர்னல். "கல்யாணத்துக்கா போனோம், முன்னப்பின்ன போய்ச் சேர?"

"இவர் ஆளுங்க வந்து சேரும்போது எங்க பசங்க மேல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க" என்றார் மேஜர்.

"டீயா! அடிவாரத்துல வழி தெரியாம சுத்திட்டிருந்தவங்களுக்கு டீ வேற!"

இரண்டாவது முதலில் என்று எழுதினால் மேஜர் அடித்தார். நான்காவது முதலில் என்று எழுதினால் கர்னல் அடித்தார். இருவரும் சேர்ந்து என்றால் இரண்டு பேரும் அடித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

அன்றும் அத்தியாயம் திரும்பி வந்தது. அக்கா வீட்டு மாடியில்தான் பேராசிரியை குடியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் கோப்பைச் சாப்பாட்டு மேஜைமீது விட்டெறிந்தாள்.

"தட்டு வைக்கிற இடம்டி அது" என்றாள் அக்கா. "உங்க யுத்தம் முடிஞ்சு முப்பது வருஷம் ஆச்சு. என் மேஜையில மட்டும் இன்னும் முடியல."

"எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போலிருக்கு அக்கா. ரெண்டு கிழங்களும் சின்னப் புள்ளைங்க மாதிரி நான்தான் முதல்ல, நான்தான் முதல்லனு..."

"சீட்டுக் குலுக்கிப் போடு. யாரு பேரு வருதோ அவங்க முதல்ல."

அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் நான்காவது பட்டாலியனில் மேஜரின் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். போர்ப் பேச்சு வந்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவார். வேலையில் சேர்ந்த புதிதில் அவள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "பெட்டியைத் தூக்கிட்டு நடந்தேன், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். இன்று அவர் எழுந்திருக்கவில்லை.

"யாரு முதல்லனு இன்னுமா சண்டை போடுறாங்க?" என்றார்.

"வாராவாரம்."

"மேல ஒருத்தனுமே இல்லம்மா. எதிரி முந்தின ராத்திரியே காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

அக்கா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவளும் இதைக் கேட்டதில்லை.

"ஒரே பனிமூட்டம். தொட்டிகிட்ட ஆளுங்க நடமாடுறது நிழல் மாதிரி தெரிஞ்சுது. எதிரினு நெனச்சு மேஜர் குண்டு போடச் சொன்னாரு. நான்தான் பீரங்கிக்காரங்களுக்குச் சொன்னேன். அதே நேரம் வயர்லெஸ்ல கர்னல் குரல் கேக்குது. அவரும் அதே தொட்டி மேல குண்டு போடத்தான் சொல்றாரு. ‘சார், அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க போலிருக்கு’ன்னேன் மேஜர்கிட்ட. ‘எதிரி நம்ம பாஷையில பேசி ஏமாத்துறான், நீ வேலையப் பாரு’ன்னாரு. பனி விலகினப்பதான் தெரிஞ்சுது, கெடந்தவங்க எல்லார் தோள்லயும் காளைத் தலை பேட்ஜ்."

அத்தான் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைக்க இடம் தேடுவதுபோல மேஜையைப் பார்த்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை பேராசிரியை மாடியறையில் உட்காரக்கூட இல்லை. கேட்டதை அப்படியே சொன்னாள். சத்தம் போடுவார்கள், மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். மேஜர் மூடாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்மா" என்றார் கர்னல் கடைசியில்.

"தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு சார் வாராவாரம் யாரு முதல்லனு என் பிராணன வாங்குனீங்க?"

"யாரு முதல்லனு ஊரே கேட்டுட்டிருக்கிற வரைக்கும், யாரு சுட்டானு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. முப்பது வருடத்துச் சண்டையும் ஒரு திரைச்சீலைதானா!

"அப்ப உண்மைய எழுதுவோம்" என்றாள்.

"எழுதி? ஒவ்வொரு வீட்டுக்கும் போய், உங்க புள்ளைய நாங்கதான் கொன்னோம்னு சொல்லவா? குண்டு போடச் சொன்னது என் குரல். அதை நான் சாகுற வரைக்கும் சுமக்கிறேன். அவங்களும் எதுக்குச் சுமக்கணும்?"

அத்தியாயம் உண்மையாக வராவிட்டால் மீதியையும் எழுத மாட்டேன் என்று எழுந்துவிட்டாள். பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரு பக்கம் எழுதினாள். அது பத்தியாகச் சுருங்கியது. பத்தி மூன்று வரியாயிற்று. கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அதையும் கர்னல் அடிக்கப் போனபோது, மேஜர் மேஜையின் அந்த முனையிலிருந்து, "அது இருக்கட்டும்யா" என்றார். கர்னல் பேனாவை மூடினார்.

இப்படித்தான் அந்த வரி புத்தகத்தில் வந்தது: "எதிரி குன்றை முந்தைய இரவே விட்டுச் சென்றிருந்தான்." அடுத்த வரி பழையபடியே இருந்தது: "இக்குன்றுக்காக நம் வீரர்கள் பலர் இன்னுயிர் ஈந்தனர்."

புத்தகம் வெளியான சில வாரங்களில் ஒரு பெரியவர் வீடு தேடி வந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குன்றில் இறந்த ஒரு சிப்பாயின் அப்பா. கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு வரிகளிலும் விரல் வைத்தார்.

"நான் அதிகம் படிக்கலம்மா. ஆனா இது ரெண்டும் ஒட்டலியே. எதிரி இல்லேன்னா எம்மவனை எவன் சுட்டான்?"

கர்னல் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. வீடே எழுந்து வந்து கேட்கிறது. சொன்னாள். அவள் பாதி சொல்லும்போதே, உள்ளேயிருந்த அத்தான் வந்து மீதியைச் சொன்னார். பீரங்கிக்காரர்களிடம் பேசியது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

பெரியவர் அழவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"முப்பது வருஷமா அந்த நாட்டுக்காரன் குலமே நாசமாப் போகணும்னு திட்டிட்டிருக்கேன்" என்றார். "அவங்க நாட்டுக்காரன் ஒருத்தன் என் பஸ்ல ஏறினான். பாதி வழியில எறக்கி விட்டேன். கைக்கொழந்தையோட வந்தவன்." பிறகு திடீரென்று கோபம் வந்தது. "இத ஒரு வரி நேரா எழுதறதுக்கு என்னம்மா கேடு உங்களுக்கு? எழுத விடலேன்னா, குன்று நாள் விழானு வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டு மேடையில நிறுத்துறாங்களே, அங்கயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி அவள் குழுவிடம் போய் முட்டிக்கொண்டாள். அடுத்த பதிப்பும் வந்தது. சேர்ப்பது இருக்கட்டும், இருந்த ஒரு வரியும் போயிருந்தது. போன் போட்டுக் கேட்டாள். "அச்சுப்பிழையா இருக்கும்மா" என்றார் கர்னல். மேஜர் அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தார். ‘இருக்கட்டும்யா’ என்று சொல்ல ஆளில்லை.

குன்று நாள் விழா வந்தது. தலைமையகத்து மைதானத்தில் பந்தல், நாற்காலி வரிசைகள், ஓரத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள். வழக்கம்போலப் பெரியவரை மேடைக்கு அழைத்தார்கள். பேராசிரியையும் அத்தானும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். பெரியவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம்மவன் எதிரி குண்டுல சாகல" என்றார். கூட்டம் நிமிர்ந்தது. "அந்தக் குன்றுல எதிரியே..."

குழுவினர் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் கர்னலின் கை உயர்ந்தது. பாண்டு முழங்கத் தொடங்கியது. யாரோ மைக்கையும் நிறுத்தினார்கள். முரசுச் சத்தத்தில் பெரியவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. கையை நீட்டி வடக்கையும் தெற்கையும் காட்டினார், தொட்டியின் உயரத்தைக் காட்டினார், சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஜனங்கள் என்னவென்று புரியாமல், மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

அவர் நேராக இவர்களிடம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கேட்டுச்சா?"

"இல்லீங்க" என்றாள் பேராசிரியை. "முதல் வரிதான் கேட்டுச்சு. அப்புறம் பாண்டு... முன்வரிசைக்கு மட்டும் முழுசாக் கேட்டிருக்கும்."

"முன்வரிசைக்கா!" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவனுங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!"