கதவைப் பார்க்காத தலையணை

அந்த ஓட்டலில் மொத்தமே பன்னிரண்டு அறைகள்தான். உள்ளே நுழைந்தால் காலடிச் சத்தத்தைக் கம்பளம் விழுங்கிவிடும். அங்கே வேலை செய்கிறவர்கள் 'வணக்கம்' என்பதைக்கூட ரகசியம் மாதிரிதான் சொல்வார்கள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தண்ணீர் பளபளவென்று கண்ணில் அடிக்கும். ஓய்வுபெற்ற நர்ஸம்மாவும் அவள் கணவரும் அங்கே மூன்று நாள் தங்க மகள் ஏற்பாடு செய்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு அமைதி இருக்காதுடி," என்றார் கணவர். பஸ் கண்டக்டராக முப்பது வருடம் விசில் ஊதியவர். அந்த அமைதி அவர் காதை அடைத்தது.

நர்ஸம்மாவை உறுத்தியது வேறு. காலைச் சாப்பாடு முடிந்து அவர்கள் திரும்புவதற்குள், பணிப்பெண் புது விரிப்பு மாற்றிவிட்டுப் போயிருந்தாள். சுத்தமான வேலைதான். ஆனால் மூலைகள் முக்கோணமாக மடிக்கப்படவில்லை. தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வார்டில் இப்படி இருந்தால் பெரிய நர்ஸ் தோலை உரித்திருப்பார். கை சும்மா இருக்குமா? விரிப்பை உருவிப் போட்டுத் தன் வழக்கப்படி இழுத்துச் செருகினாள். 'இதில் படுக்கிறவர் நல்லபடியாக எழுந்திருக்கட்டும்' என்று ஒவ்வொரு மூலைக்கும் ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்வது அவள் வழக்கம். இங்கேயும் சொன்னாள். மறுநாளும் அப்படியே செய்துவிட்டுக் கணவரோடு கரையோரம் நடக்கப் போனாள்.

மதியம் திரும்பும்போது, துணி அடுக்கும் அறையிலிருந்து மேற்பார்வை அம்மாளின் குரல் கேட்டது.

"நேத்தும் அதே ரூம், இன்னைக்கும் அதே ரூம். விரிப்போட பூவேலை கால்மாட்டுல தெரியணும்னு எத்தனை தடவை சொல்றது? அதைப் போய் மெத்தைக்கு அடியில சொருகி வச்சிருக்க!"

"நான் சரியாத்தான் விரிச்சேன்க்கா, சத்தியமா."

"அப்ப பேய் வந்து மாத்திச்சா? பொய் வேற சொல்றியா? நாளையிலேருந்து வேலைக்கு வராத."

நர்ஸம்மாவுக்குத் திக்கென்றது. "ஐயோ, அந்தப் பேய் நான்தாங்க!"

கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "நமக்கெதுக்கு வம்பு? ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துடலாம்."

"அவளைப் பொய்க்காரின்னு சீட்டுலயா சொன்னாங்க? வாயாலதானே சொன்னாங்க?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

அவள் சொன்னதை மேற்பார்வை அம்மாள் நம்பவில்லை. "இரக்கப்பட்டுச் சொல்றீங்க மேடம். இங்க தங்க வர்றவங்க யாரும் படுக்கை விரிக்க மாட்டாங்க."

"வந்து பாருங்க!" நாற்பது கட்டில் வார்டின் கடைசிக் கட்டில்வரை எட்டிய குரல் அது. இரண்டு மூன்று அறைக் கதவுகள் திறந்தன. மேனேஜர் பதறி ஓடிவந்தார்.

"மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். சாயங்காலம் உங்க ரெண்டு பேரையும் படகுல கூட்டிட்டுப் போகச் சொல்றேன்..."

கணவரின் கண்கள் மின்னின.

"படகு தண்ணியிலயே இருக்கட்டும். நீங்க என் கூட வாங்க."

தன் அறைக்குள் போய், எல்லோரும் பார்க்க, கட்டிலில் இருந்த விரிப்பை உருவினாள். ஓர் உதறல், நான்கு மூலை, நான்கு முக்கோணம். கட்டில் பலகைபோல் ஆனது. தலையணையை எடுத்து அதன் வாயைக் கதவுக்கு மறுபுறம் திருப்பி வைத்தாள். "நீங்க பார்த்தது இதுதானே?"

மேற்பார்வை அம்மாள் மூலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சரி மேடம்," என்றார் மேனேஜர். "இந்த ஒரு தடவை அவளை மன்னிச்சிடறோம்."

"எதுக்கு மன்னிக்கிறீங்க? தப்பு பண்ணினது நான்." கதவோரம் நின்ற பணிப்பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினாள். "என்னை மன்னிச்சிடும்மா. என் கை செஞ்ச வேலைக்கு நீ திட்டு வாங்கிட்ட." பிறகு மற்ற இருவர் பக்கம் திரும்பினாள். "பொய்க்காரின்னு சொன்னதுக்கு நீங்களும் அவகிட்ட மன்னிப்பு கேட்கணும். அதுவரைக்கும் நான் இந்தக் கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

சொன்னபடி உட்கார்ந்துவிட்டாள். கணவர் தலையைச் சொறிந்தார். படகு போனது போனதுதான். மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தவன் நான். உட்கார இடம் கிடைச்சா லேசுல எந்திரிக்க மாட்டேன்."

அந்த அறையில் இப்போதுதான் நிஜமான அமைதி. மேற்பார்வை அம்மாளின் முகம் சிவந்து, பின் தணிந்தது. "தப்பா சொல்லிட்டேன்மா," என்றாள் பணிப்பெண்ணிடம். "மன்னிச்சிடு. நாளைக்கு வழக்கம்போல வா." மேனேஜரும் தலையைக் குனிந்து, "மன்னிச்சிடும்மா," என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே நர்ஸம்மா விழித்துக்கொண்டாள். கசங்கிய படுக்கை அவளைப் பார்த்துக் கூப்பிட்டது. கைகளைக் கோத்து மடியில் அழுத்திக்கொண்டு, அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டாள்.

"என்ன, கை அரிக்குதா?"

"பேசாம தண்ணியைப் பாருங்க."

காலைச் சாப்பாட்டுக்குக்கூடக் கீழே போகாமல், ஜன்னலோரம் காவல்போல உட்கார்ந்திருந்தார்கள். புது விரிப்போடு வந்த பணிப்பெண் இருவரையும் கண்டதும் கலகலவென்று சிரித்துவிட்டாள். யாரும் வந்து அதட்டவில்லை.

விரிப்பை ஓட்டல் முறைப்படி விரித்து, பூவேலையைக் கால்மாட்டில் எடுத்துவிட்டாள். பிறகு நர்ஸம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையணையின் வாயைக் கதவுக்கு மறுபுறம் திருப்பி வைத்தாள்.