டெனிஸின் வட்டம்

டெனிஸ் ஓடுவது உடம்புக்காக அல்ல, கையில் கட்டியிருந்த வாட்சுக்காக. தினமும் ஓடி அன்றைய கணக்கை முடித்தால் அதன் திரையில் ஒரு பச்சை வட்டம் முழுதாக மூடும். மூடாத நாளில் மனுஷன் சாப்பிடமாட்டான், பார்க்கிறவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுவான். வலது கால் எலும்பில் விரிசல், ஓட்டத்தை நிறுத்து என்று டாக்டர் சொன்ன பிறகும், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சேலையூர்த் தெருக்களில் நொண்டி நொண்டி ஓடினான். கேட்டால் அதற்குப் பெயர் ஒழுக்கமாம்.

அவன் மனைவி ஜெயசீலியின் அப்பா சுவிசேஷமுத்து வாத்தியார் காலமானார். "என்னை வண்டியில ஏத்தாதீங்க, சர்ச் வரைக்கும் தோள்ல கொண்டுபோங்க" என்பதுதான் அவர் கேட்டிருந்த ஒரே காரியம். மகன் இல்லாத வீடு. பெட்டியின் முன்பக்கத்தை மருமகன்தான் பிடிக்க வேண்டும்.

அடக்கத்தன்று காலையில், ஹாலில் பெட்டி இருக்க, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து டெனிஸ் ஷூ மாட்டினான்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. அப்பாவைத் தூக்கணும், கால் தாங்கணும்" என்றாள் ஜெயசீலி.

"மெதுவாத்தான் போவேன் ஜெயா. இவ்ளோ நாள் விடாம ஓடிட்டு இன்னைக்கு பிரேக் ஆச்சுன்னா எல்லாம் வேஸ்ட்."

பாதியிலேயே திரும்பி வந்தான். கால் வீங்கியிருந்தது, வட்டம் மூடவில்லை. பெட்டியைத் தோளில் வாங்கியதும் அவன் விரல் வாட்சை அமுக்கியது. மாமனாரின் கடைசி ஊர்வலத்தை நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்க்கிறான். பின்னால் வந்த ஜெயசீலி அதைப் பார்த்தாள். இந்த ஆளையா இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டோம் என்று இருந்தது.

கேம்ப் ரோட்டுக்குத் திரும்பும் முனையில் அவன் கால் மடங்கியது. பெட்டி சாய்ந்தது. பக்கத்து வீட்டு அந்தோணிசாமி ஓடிவந்து தாங்கியிருக்காவிட்டால் வாத்தியார் தார் ரோட்டில் விழுந்திருப்பார். டெனிஸை மூடிய கடையின் படியில் உட்கார வைத்தார்கள்.

ஜெயசீலி அவனிடம் குனிந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் வாட்சைக் கழற்றி நீட்டினான்.

"கொஞ்சம்தான் பாக்கி. நீ நடக்கத்தானே போற, இதைக் கட்டிக்கோ."

அவள் அதை வாங்கி, படியில் அவன் பக்கத்திலேயே வைத்தாள்.

"இதுக்குக் காவலா இங்கேயே உக்காந்திருங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியின் முன்பக்கம் போனாள். பொம்பளைங்க தூக்குறது வழக்கமில்லையேம்மா என்று யாரோ இழுத்தார். அந்தோணிசாமி நகர்ந்து இடம் விட்டார். அவள் தோள் கொடுத்தாள். சர்ச் வரை பெட்டி ஆடவில்லை.