டிரெசர் தைத்த விமானம்

காளிதாசுக்குப் பெரிய விமானங்கள்மேல் ஒரு நாளும் ஆசை வந்ததில்லை. கோலாலம்பூர் சுபாங் ஏர்போர்ட்டுக்கு யாரையாவது வழியனுப்பப் போனால், மற்றவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஜம்போவைப் பார்ப்பார்கள். அவர், "பெரிய பஸ்ஸு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி தேடிப் போய்விடுவார். அவர் மனசு முழுக்கச் சிப்மங்க்மேல்தான். ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டே பேர் உட்காரும் பழைய பயிற்சி விமானம் அது. ஐம்பதுகளில் பறக்கப் பழகிய எத்தனையோ பேர் தட்டுத் தடுமாறியது அந்தச் சின்ன உடம்பில்தான். சிறுவயதில், மலாக்காவில் லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்துக்கு மேலே ஒன்று மிகத் தாழ்வாகப் பறந்து போனது. உள்ளே இருந்தவன் கையசைத்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்ற பையனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வளர்ந்து அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஆனார். மாத்திரை, ஊசி, வெட்டுக்காயத்துக்குத் தையல், எல்லாம் அவர் கையால்தான். குவாட்டர்ஸ் சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சிப்மங்க் படம் ஒன்று தொங்கியது. மனைவி மோகனா விளக்கேற்றும்போது, "இதுக்கும் சேத்து ஒரு பொட்டு வைக்கவா?" என்று கேலி செய்வாள்.

தொண்ணூற்று மூன்றில் சாமிநாதன் ஒரு சிப்மங்க்கை வாங்கினான். அதே தோட்டத்து லயத்து வீடொன்றில் பிறந்தவன், பள்ளித் தோழன். பாச்சாங்கில் வீடு கட்டி விற்று முன்னுக்கு வந்து, பைலட் லைசென்சும் எடுத்திருந்தான். துண்டு துண்டாக வந்த விமானத்தைப் பத்து பெரண்டாம் என்ற ஊரின் விமான ஓடுபாதை ஓரத்தில் ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு, காளிதாசுக்குத்தான் முதலில் போன் செய்தான்.

"வெறும் எலும்புக்கூடுதான்டா காளி. வந்து பாரு லா."

போனார். இறக்கையின் பின்பாதி மூங்கில் தட்டி மாதிரி விலா விலாவாகத் தெரிந்தது. அதன்மேல் துணி போர்த்தி, ஒவ்வொரு விலாவோடும் மெழுகு நூலால் தைத்துக் கட்ட வேண்டும். நீள ஊசியைக் கையில் எடுத்ததும் காளிதாசுக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதானே!

இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று மோகனாவுக்கு இல்லாமல் போனது. மெக்கானிக்குகள் இஞ்சினைப் பார்த்துக்கொண்டார்கள், துணி முழுக்கக் காளிதாஸ். தைத்து முடித்து மேலே பூச்சு அடித்தபோது துணி இறுகி, விரலால் தட்டினால் மத்தளம்போல ஒலித்தது. கோலாலம்பூரிலிருந்து லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் வந்து, தையல் தையலாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பழைய பைலட் தனியாக ஏறிச் சோதித்தும் பார்த்துவிட்டார்.

"வர்ற ஞாயிறு நான் ஓட்டறேன். பின் சீட்டு உனக்குத்தான்" என்றான் சாமிநாதன். "மோகனாவையும் கூட்டிட்டு வா."

மோகனா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் மீ கோரெங் நூடுல்ஸ் செய்து எடுத்து வந்திருந்தாள். கொட்டகை வாசலில் ஒரு கறுப்பு மெர்சிடிஸ் நின்றது. சாமிநாதன் காளிதாசின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனான்.

"டத்தோ வந்திருக்காரு. செங் ஊர்ல எனக்கு ஒரு நிலம் விஷயம் அவர் கையில இருக்கு. ஒரு ரவுண்டுதான். அவர் எறங்குனதும் நீ ஏறு, சரியா?"

காளிதாஸ் தலையாட்டினார். டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனுஷரின் வயிற்றைச் சுற்றி வார்பூட்டியதும் அவரே. மோகனா பாத்திரத்தைக் கையில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

விமானம் எழும்பியது. என்ன இருந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வட்டம் போட்டு இறங்க வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், யாரோ காலை வாரியதுபோல வால் மேலே தூக்கியது. மூக்கு தரையில் மோதி, பக்கவாட்டில் சரிந்து, ஒரு இறக்கையின் துணி கிழிந்து நின்றது.

காளிதாஸ்தான் முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தார். டத்தோவின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டே முன் சீட்டை எட்டிப் பார்த்தார். பிரேக் கம்பி மேலே இழுத்தபடி இருந்தது. தரையில் ஓடும்போது திருப்புவதற்காக அதைக் கொஞ்சம் இழுத்து வைப்பார்கள். இறங்கும்போது முழுக்க விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இதே கதிதான். சாமிநாதனின் கை மெல்ல நகர்ந்து அந்தக் கம்பியைக் கீழே தள்ளியது. பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். இருவர் கண்களும் சந்தித்தன.

"காளி, டத்தோவ மொதல்ல பாரு" என்றான்.

ஆள்கள் கூடியதும் சாமிநாதன் சொன்ன முதல் வார்த்தை, "கண்ட்ரோலே இல்ல. மேலயே துணி கிழிஞ்சிருச்சு போல."

"யார் தைத்தது?" என்று டத்தோ மலாயில் கேட்டார்.

"என் சிநேகிதன்தான். தோட்டத்து டிரெசர்."

யாரோ சிரித்தார்கள். டத்தோவின் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் ஒரு நொடி நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தன.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் காளிதாஸ் மறைக்கவில்லை. பிரேக் கம்பியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த சாமிநாதன் கோபப்படவேயில்லை. இரக்கத்தோடு சிரித்தான்.

"அவனுக்கு வருத்தம் சார். அன்னிக்கு அவனைத்தான் ஏத்தறதா இருந்தேன். முடியல. அதை மனசுல வச்சுக்கிட்டுப் பேசறான்."

அதிகாரி காளிதாசைப் பார்த்தார். "துணி தைக்க உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல சார். இன்ஜினியர் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு."

அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மோகனா, "அவன் சொன்னதுல பொய் என்ன? உங்களுக்கு வருத்தம் இல்லையா?" என்றாள். இருந்தது.

செய்தி தோட்டத்துக்கு வர நாளாகவில்லை. கடையில், கோயிலில், 'பிளேன் தச்ச டிரெசர்' என்று பேராயிற்று. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார். ஒரு காலை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீரமுத்து உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட வந்தார். காளிதாஸ் ஊசியில் நூலைக் கோத்தார். வீரமுத்து கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"தையல் வேணாங்கய்யா. சும்மா கட்டு மட்டும் போட்டு விடுங்க. நான் பஸ் ஏறி மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடறேன்."

"ஏன் வீரமுத்து? உன் தலையில நான் தச்சதில்லையா?"

"அது அப்போ" என்றார் வீரமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

காளிதாஸ் கட்டுப் போட்டு அனுப்பினார். அன்று மாலை சுவரிலிருந்த சிப்மங்க் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினார். மோகனா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

தொண்ணூற்றேழில் சாமிநாதன் மறுபடி போன் செய்தான். செங் நிலம் கிடைத்து, வீடுகள் எழும்பி, வேறொரு சிப்மங்க் வந்து இறங்கியிருந்தது.

"பழசை விடுடா. துணி வேலைக்கு வேற ஆளப் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் சரியா வரல. உன் கை மாதிரி வராது. நீ வா. ஆனா வெளிய தெரிய வேணாம், என்ன?"

காளிதாஸ் போனை வைத்தார்.

"மானம் ரோசம் இருந்தா அந்தப் பக்கமே போகக் கூடாது" என்றாள் மோகனா. அவள் சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. ஞாயிறு காலை முகச்சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மோகனா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். சாமிநாதனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. இறக்கை முடிந்து பூச்சும் காய்ந்த ஒரு நாள், வாசலில் கார்கள் வந்து நின்றன. "பார்ட்னருங்க வர்றாங்க. கொஞ்ச நேரம் பின்னால இருடா" என்றான் சாமிநாதன்.

காளிதாஸ் பின் கதவு வழியாகப் போய், இடுப்பளவு லாலான் புல்லுக்குள் வெயிலில் நின்றார். தகரச் சுவரைத் தாண்டிப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"ஒரு சுருக்கம் இல்லையே! எங்க செஞ்சது?" என்றது ஒரு குரல்.

"இங்கிலாந்துல" என்றான் சாமிநாதன். "இங்க யாருக்கு வரும் இந்த வேலை?"

உள்ளே விரல்கள் துணியைத் தட்டின. இறுக்கமான, சுத்தமான ஒலி. அதைக் கேட்டதும் காளிதாசுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கார்கள் கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.